முடி எண்ணெய்க்கு ஒரு ஸ்பானிஷ் சொல்

ஓகஸ்ட் 4, திங்கள்
விடிந்ததிலிருந்து காற்று. முதலாளி தலையில் குண்டைத் தூக்கிப் போட்டார். ஸ்பைஸ் கார்டனின் ஸ்பானிஷ் கைட் டுபாய் போய்விட்டாராம். "வியாழக்கிழமை ஸ்பெயின் குரூப் வருது. நீங்கதான் சுத்திக் காட்டணும், தேவி. நல்லா செஞ்சா கைட் வேலை ஒங்களுக்குத்தான்." மசாலாத்தூள் பக்கெட் கட்டுகிற எனக்கா! போனில் ஸ்பானிஷ் படிக்கிறேன் என்று வாயை விட்டது என் தப்பு.

5, செவ்வாய்
உக்குவளை பஸ்ஸில் மனப்பாடம். எண்ணெய், மூலிகை விற்கிற எங்கள் வியாபாரத்தில் எல்லாம் இனிமேல்தான். முடி இருக்கும், தூக்கம் இருக்கும், வலி இருக்காது. அத்தனைக்கும் ஒரே சொல். தெந்த்ரே: எனக்கு இருக்கும். தெந்த்ரா: உங்களுக்கு இருக்கும். முன்னால் 'நோ' போட்டால் இருக்காது.
வீட்டில் இவர்: "என்னடி, மருள் வந்த மாதிரி முணுமுணுக்குற? பருப்பு அடிபிடிக்குது பாரு."
பிடித்தேவிட்டது.

6, புதன்
கற்கண்டு, சேஃப்டி பின் வாங்க வேண்டும்.
இங்கிலீஷ் குரூப் பார்க்கிற ரிஸ்வான் நானா வழக்கத்தைச் சொன்னார். கடைசியில் முடி எண்ணெய். தொப்பி போட்ட ஒருவரைப் பிடித்து, கழற்றச் சொல்லி, வழுக்கையில் தேய்த்து, முடி இருக்கும் என்று அடித்துச் சொல்ல வேண்டும். "எல்லாரும் சிரிப்பாங்க தங்கச்சி. அப்புறம் போத்தல் போத்தலா வாங்குவாங்க."

7, வியாழன்
பதினொரு பேர். கறுவா, மிளகு, வனிலா, எதிலும் தடுமாறவில்லை. முதலாளி பின்னால் நின்று தலையாட்டினார். எண்ணெய் மேசைக்கு வந்தோம். தொப்பி போட்ட ஆண் ஒருவரும் இல்லை. ஒரு பெண்தான், துணித் தொப்பியோடு. என் வயது இருக்கும். வெயிலுக்குப் போட்டிருக்கிறாள் என்று நினைத்துவிட்டேன், மடச்சி. சிரித்துக்கொண்டே கழற்றச் சொன்னேன்.
கழற்றினாள்.
ஐயோ அம்மா. ஒரு முடி இல்லை. புருவம்கூட இல்லை, அப்போதுதான் பார்த்தேன். கேன்சர். யாரும் சிரிக்கவில்லை. பாழாய்ப்போன வாய் மட்டும் மனப்பாடத்தை நிறுத்தவில்லை: "தெந்த்ரா..." உங்களுக்கு முடி இருக்கும்.
என் கையைப் பிடித்தாள். எனக்கு விளங்கட்டும் என்று மெதுவாகச் சொன்னாள். "நோ தெந்த்ரே தியேம்போ."
தியேம்போ, நேரம். எனக்கு நேரம் இருக்காது.
எதற்குத்தான் இந்தப் பாஷையைப் படித்தேனோ.
பிறகு தலையைக் குனிந்து காட்டினாள், தேய்க்கச் சொல்லி. தேய்த்தேன். அவள் மண்டை சுட்டது.

8, வெள்ளி
முதலாளி: "மேசையில இருந்த எண்ணெய் முழுக்க வித்துப் போயிருச்சு! வேலை ஒங்களுக்குத்தான். இனி எல்லா குரூப்புக்கும் அப்படியே செய்ங்க."
அப்படியேவாம்!
ரிஸ்வான் நானாதான் நேற்று பில் போட்டவர். தலையை நிமிர்த்தாமல் சொன்னார், "அந்தத் தொப்பிக்காரப் புள்ளயும் ரெண்டு போத்தல் வாங்கிச்சு, தங்கச்சி."