பீப் சத்தத்துக்குப் பிறகு

என் கோபக்காரிக்கு,

உன் அக்கா வீட்டில் எல்லோரும் சுகமா? உப்பு டப்பா எங்கே என்று கேட்க எழுதவில்லை. அதைத் தடவித் தேடி எடுத்துவிட்டேன்.

யார் தயவும் வேண்டாமென்று கணினியில் விண்டோஸோடு லினக்ஸையும் போட்டேனே, அது நன்றாகவே ஓடுகிறது. திரையை வாசித்துச் சொல்லும் அதன் குரல்தான் சளி பிடித்தவன் பேசுவதுபோல் இருக்கிறது.

கணினியைப் போட்டதும், பழைய விண்டோஸா புதிய லினக்ஸா என்று கேட்கும் முதல் திரைதான் தொல்லை. அந்தக் குரல் விழிக்கும் முன்பே வந்துவிடும் ஊமைத் திரை. கண் தெரியாதவனுக்கு அது வந்ததே தெரியாது. நீதான் பார்த்து, "வந்துடுச்சு, கீழ ஒரு தட்டு தட்டுங்க" என்பாய்; தட்டினால் புதியது திறக்கும்.

நேற்று கணினி மெக்கானிக் வந்து, அந்தத் திரை வந்ததும் பீப் சத்தம் கேட்கும்படி செய்துவிட்டார். "இனிமே யாரும் பக்கத்துல இருந்து சொல்ல வேணாம் சார்" என்றார். பெரிய உபகாரம்!

பீப் சரியாகத்தான் வருகிறது. விரலும் விசைமேல்தான் இருக்கிறது. ஆனால் தட்டாமல், உன் நாற்காலிப் பக்கம் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கணினி கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தானே பழையதைத் திறந்துவிடுகிறது.

இதையும் பழையதில்தான் அடிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்