பள்ளம் என்று எழுதிய குட்டை

என் ஸ்டெல்லா அக்காவுக்கு,

கல்லறைத் திருநாளுக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அம்மாவும் நானும் போய் உன் கல்லறையைச் சுற்றிப் புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்துவிட்டு வந்தோம். சிலுவையில் உன் பெயரின் கடைசிக் கால் அழிந்து 'ஸ்டெல்ல' என்று நின்றது. கறுப்புப் பெயிண்ட் வாங்கி நானே போட்டேன். கோணல்தான். நீ பார்த்தால் திட்டுவாய்.

இதை உனக்கு மட்டும் எழுதி மடித்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் உன்னிடம் மட்டும் சொன்னால் அது சாமியார் காதில் சொல்லும் பாவசங்கீர்த்தனம். ஊரே படிக்கச் சொன்னால்தான் ரெக்கார்டு. அதனால் எல்லாரும் படிக்கட்டும்.

உனக்கு நான் தரவேண்டிய ரிப்போர்ட் இரண்டு வருஷமாக நிற்கிறது. படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: நந்திதுர்க் ஷாப்டு தாண்டி, பழைய தங்கச் சுரங்க நிலத்தில் ஒரு குட்டை இருந்தது. அதற்கு மேலே ஒரு ஓடை, ஓடைக்கு மேலே தட்டையான ஒரு பெரிய பாறை, பாறையில் ஒரு சுனை. மழை பெய்தால் சுனை நிரம்பி, ஓடையில் வழிந்து, குட்டைக்கு வரும். அவ்வளவுதான். எந்த வரைபடத்திலும் அதற்குப் பெயர் கிடையாது.

சுரங்கத்தில் லெவலை மேலேயிருந்து கீழே எண்ணுவார்கள் என்று அப்பா சொன்னதைப் பிடித்துக்கொண்டு, குட்டையோரப் பாறையில் நீ ஆணியால் பத்துக் கோடு கிழித்தாய். விளிம்பை ஒட்டி முதல் லெவல், அடியில் பத்தாவது. ஒவ்வொரு ஞாயிறும் போய்ப் பார்ப்போம். ஆறு நாளும் விடியுமுன் பெங்களூர் ரயிலில் நின்றுகொண்டே போய், ஆஸ்பத்திரி லேபில் அடுத்தவர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, இருட்டியபின் வீடு வருகிறவள் நீ. வானத்தைப் பகலில் பார்க்க உனக்கு அந்த ஒரு நாள்தான். நாமத் தலை வாத்து வந்தால் யாரும் பேசக் கூடாது என்பாய். நான் பேசுவேன். கல் எடுத்து என் மேலேயே போடுவாய்.

உன் ரத்தத்தின் ரிப்போர்ட்டை டாக்டர் பார்க்கும் முன்பே நீயே படித்துவிட்டாய். அதற்குப் பிறகு, ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்த ஐந்து மாதமும் ஞாயிறு தவறாமல் போன் செய்வாய். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது.

"இன்னாடா, தண்ணி எத்தினாவது லெவல்ல கீது?"

நான் போய்ப் பார்த்துச் சொல்வேன். நாலு. அப்புறம் மூணு. கடைசியாக நீ கேட்டபோது இரண்டு. "அப்ப ஒண்ணு வந்துடும்" என்றாய். வந்தது. நீ அதைக் கேட்க இல்லை.

இப்போது லெவல் எதுவும் இல்லை அக்கா. குட்டையே இல்லை. பிப்ரவரியில் மண் அடித்து மூடிவிட்டார்கள். நீ கோடு கிழித்த பாறை அதற்கு அடியில் எங்கேயோ இருக்கிறது. அந்த இடத்தில் கிடங்கு கட்டப் போகிறார்களாம்.

மூடியது அவர்கள். மூடலாம் என்று எழுதிக் கொடுத்தது நான்.

நீ போன அடுத்த ஏப்ரலில் எங்கள் சர்வே கம்பெனிக்கு அந்த நிலத்தை அளக்கும் வேலை வந்தது. உள்ளூர்க்காரன் என்று என்னையே அனுப்பினார்கள். நல்ல வெயில். குட்டை காய்ந்து வெடித்திருந்தது. ஓடையில் சருகு. நீர்நிலை என்று குறித்தால் கரையெல்லாம் தனியாக அளக்க வேண்டும், குறுக்குவெட்டு எடுக்க வேண்டும், இரண்டு நாள் கூடுதல் வேலை. உனக்குத்தான் தெரியுமே, எனக்கு ஏது பொறுமை. குட்டை, ஓடை, சுனை மூன்றுக்கும் 'பள்ளம்' என்று ஒரே குறியீடு போட்டுவிட்டுக் கிளம்பினேன். பள்ளத்தை மூட யாரையும் கேட்க வேண்டாம்.

அளக்கும் கருவிக்கு எதிரே பிரிசம் பிடிக்க வந்தவர் முனிராஜண்ணன். ஒரு இடத்தில் நின்றுவிட்டார். "சார், மொட்டெ இதெ, நோடி" என்றார் கன்னடத்தில். ஆள்காட்டிக் குருவியின் முட்டை, மூன்று. சரளைக் கல்லோடு கல்லாக, குனிந்து பார்த்தால்கூடத் தெரியாது. சர்வேக் குச்சியை ஒரு மீட்டர் தள்ளி நடச் சொன்னேன். அன்றைக்கு என்னைப் பற்றி எனக்கே பெருமையாக இருந்தது. முட்டைக்காக ஒரு மீட்டர் தள்ளியவன், தண்ணீருக்காக இரண்டு நாள் தள்ளவில்லை.

சோம்பல் மட்டும் காரணமில்லை. நான் இந்த ஊர்க்காரன், அதுவும் காரணம். சுரங்கம் மூடியதிலிருந்து எத்தனை பேர் வந்து அளந்திருக்கிறார்கள்? மறுபடி திறக்கப் போகிறோம் என்று ஒரு கூட்டம், தொழிற்சாலை என்று ஒரு கூட்டம், வேறென்னவோ என்று இன்னொரு கூட்டம். குச்சி நடுவார்கள், போவார்கள், திரும்பி வர மாட்டார்கள். மறுவாரமே சுரங்க லைன் வீடுகளில் இருக்கும் நம் ஆட்கள் குச்சியைப் பிடுங்கி அடுப்புக்கோ வேலிக்கோ வைத்துக்கொள்வார்கள். அம்மாவின் கோழிக்கூண்டே அப்படிப்பட்ட சர்வேக் குச்சிகளால் ஆனதுதான். சிவப்பு முனை இன்னும் தெரிகிறது. வேறு ஊர்க்காரன் என்றால் சர்வே வந்ததும் பயந்திருப்பான். நமக்குச் சிரிப்புத்தான் வரும். அளக்கிறவனே சிரித்துக்கொண்டு அளந்தால் என்ன ஆகும்?

இந்த முறை மெஷின் வந்தது.

நாலே நாளில் முடித்துவிட்டார்கள். நான் ஞாயிற்றுக்கிழமை போனபோது தகர வேலி நின்றது. வேலிக்கு உள்ளே, புது மண்மேட்டின் மேல், ஒரு ஜோடி ஆள்காட்டி கத்திக்கொண்டே சுற்றி வந்தன. வாத்து எதுவும் இல்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன். அடுத்த ஞாயிறும் போனேன். அதற்கடுத்த ஞாயிறும். எதற்குப் போனேன்? காலுக்கு அந்த வழிதான் தெரியும், வேறென்ன.

நீ போனபோது வீடு நிறைய ஜனம். சாப்பாடு கொண்டுவந்தார்கள், ஜெபமாலை சொன்னார்கள், முப்பதாம் நாள் பூசை வைத்தார்கள். ஒரு குட்டை போனால் என்ன செய்வது? அதற்குக் கல்லறையும் இல்லை, திருநாளும் இல்லை. ரயிலில் ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். கூட வரும் நம் செட்டுப் பையன்கள் விடுவார்களா?

"இன்னா மச்சா, குட்டைக்கு ஒப்பாரியா? லீவு போடு, ஊட்டி போலாம். அங்க ஏரியே கீது."

நானும் சிரித்தேன். பங்காருப்பேட்டை வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தேன்.

அம்மாவிடம் செப்டம்பரில்தான் சொன்னேன். ஏனென்றால் அப்போது இரண்டாவது கட்ட வேலை வந்துவிட்டது. பாறையை உடைக்கப் போகிறார்கள். ஓடை, சுனை எல்லாம் அதில் அடக்கம். என் பழைய வரைபட ஷீட்டைத்தான் அதற்கும் வைத்திருந்தார்கள். சும்மா ஒருமுறை சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று என்னிடமே அனுப்பினார்கள்.

அம்மா கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நொய் போட்டுக்கொண்டிருந்தது. முழுதும் கேட்டுவிட்டு, கூண்டைக் காட்டி, "இதுல எதுனா உன்னுது கீதா?" என்றது.

"இல்லம்மா. என்னுது எதையும் யாரும் புடுங்கல."

"எப்பிடிப் புடுங்குவாங்க? ஸ்டெல்லா தம்பி நட்டதுன்னு லைன்ல எல்லாருக்கும் தெரியும். புள்ள வேலைக்குக் கெட்ட பேரு வரக் கூடாதுன்னு நான்தான் யாரையும் தொட வாணான்னு சொன்னேன்."

இதைக் கேட்டதும் என்னால் உட்கார முடியவில்லை அக்கா. ஊரில் நட்ட குச்சியெல்லாம் பிடுங்கிய ஜனம், உன் பெயருக்காக என் குச்சியை மட்டும் விட்டு வைத்திருக்கிறது. கத்தினேன். எல்லாம் போச்சு, இனி என்ன மயிரு இருக்கிறது என்று அம்மா முன்னாலேயே சொல்லிவிட்டேன். அம்மா திட்டவில்லை. கையில் இருந்த நொய்யை உதறியது.

"ஏர் பிளாஸ்ட் ஆச்சுன்னா நாங்கெல்லாம் கேட்டாண்ட ஓடுவோம்" என்றது. அம்மா சுரங்கக் காலத்தைப் பற்றிப் பேசியதே கிடையாது, உனக்குத் தெரியும். பூமிக்குக் கீழே பாறை வெடித்துச் சரிந்தால் வீட்டில் பாத்திரம் ஆடும். உடனே பெண்கள் ஆள் இறங்கும் ஷாப்டு வாசலுக்கு ஓடுவார்கள். "அழுதுக்கினே நிப்போம். உள்ளாற யாரும் அழ மாட்டாங்க. மொதல்ல டோக்கன் எண்ணுவாங்க. கீழ எறங்குனவன் எத்தினி பேரு, ஏறி வந்தவன் எத்தினி பேரு. இன்னும் யாரு கீழ கீறாங்கன்னு தெரிஞ்சாத்தானே ஆளை ஏத்தியார கேஜை அனுப்ப முடியும்? நீ எண்ணுனியா?"

நான் எண்ணவில்லை. ஏழு மாதம் வேலிக்கு வெளியே நின்று மண்மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். தலையைத் திருப்பி மேலே பாறையைப் பார்க்கவேயில்லை.

மறுநாளிலிருந்து இரண்டு நாள் லீவு போட்டேன். ஊட்டிக்கு இல்லை. கருவியோடு, முனிராஜண்ணனோடு, பாறைக்கு. முந்தின நாள் பெய்த மழை. ஓடையில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடியது. போக வழியில்லாமல் தகர வேலியோரம் தேங்கி நின்றது. அங்கே தவளை. ஓடைக்கரையில் நீ பெயர் தெரியாமல் 'ஊதாப் பொட்டு' என்று கூப்பிடுவாயே, அந்தப் பூ. ஆள்காட்டி ஜோடி மண்மேட்டை விட்டுவிட்டு மேலே வந்திருந்தது. எங்களைப் பார்த்து ஊரைக் கூட்டியது. எல்லாவற்றையும் குறித்தேன். அன்றைக்கு நான் தவிர்த்த இரண்டு நாள் வேலையை இரண்டு நாளில் முடித்தேன். ஓடைக்கு ஓடை என்றும் சுனைக்கு நீர்நிலை என்றும் குறியீடு போட்டேன்.

ஷீட்டைப் பார்த்ததும் மேலதிகாரி கூப்பிட்டார். கத்தவில்லை, அவர் நல்ல மனுஷர்தான். ஒரே இடத்துக்கு இரண்டு ஷீட், இரண்டிலும் உன் கையெழுத்து, எது சரி என்று கன்னடத்தில் கேட்டார். இரண்டாவது என்றேன். அப்படியானால் முதலாவது? நான் தப்பாகப் போட்டது என்றேன். அவர் இரண்டு ஷீட்டையும் என் பக்கம் தள்ளினார். வாயால் சொன்னால் அது பேச்சு, எழுதிக் கொடுத்தால் உன் வேலைக்கே ஆபத்து வரும், யோசித்து வா என்றார்.

யோசிக்க என்ன இருக்கிறது? அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். 'முந்தைய வரைபடத்தில் நீர்நிலையும் ஓடையும் பள்ளம் என்று குறிக்கப்பட்டுள்ளன. அது பிழை. பிழை என்னுடையது.' என் வாழ்க்கையில் நான் எழுதிய சரியான அளவு அதுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து எனக்கு சைட் வேலை இல்லை. ஆபீஸில் உட்கார வைத்திருக்கிறார்கள். மேலே விசாரிக்கிறார்களாம். பாறை உடைக்கும் வேலை நின்றிருக்கிறது. நின்றிருக்கிறது, அவ்வளவுதான், நின்றுவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். குட்டை திரும்பி வராது. அதையும் தெரிந்துதான் எழுதுகிறேன்.

போன ஞாயிறு உன் கல்லறையிலிருந்து நேராகப் பாறைக்குப் போனோம். அம்மாவுக்கு முழங்கால் வலி. மூன்று இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறியது. சுனையில் உன் கோடு கிடையாது. நான் டேப்பை எடுக்கப் போனேன். அதற்குள் அம்மா முட்டிபோட்டு, விளிம்பிலிருந்து தண்ணீர் வரைக்கும் கையால் சாண் வைத்து எண்ணியது. ஒன்று. இரண்டு. விரல் நனைந்தது. அப்படியே கையைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தது. நான் பேசவில்லை அக்கா. வாத்து இல்லாதபோதும் பேசவில்லை.

ஒரு சாண் ஒரு லெவல் என்று வைத்துக்கொள். நிலுவையில் இருந்த ரிப்போர்ட் இதுதான்: தண்ணீர் இரண்டாவது லெவலில் இருக்கிறது.

வேலை இருந்தாலும் போனாலும், இனி ஒவ்வொரு ஞாயிறும் ஏறிப் பார்த்துச் சொல்வேன். வெயிலில் காய்ந்து கிடந்தாலும் காய்ந்திருக்கிறது என்றுதான் சொல்வேன். பள்ளம் என்று சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
லைனில் எல்லாரும் இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிற,
ஸ்டெல்லா தம்பி