நான் அடித்த ஐந்தாவது வரி

உன் நோட்டில் இன்னும் கிரீஸ் வாசனை போகவில்லை. பிரித்த உடனே மூக்கில் ஏறியது. அண்ணனூர் ரயில் பணிமனையில் நாளெல்லாம் பெட்டிகளுக்கு அடியில் குனிந்துவிட்டு, கையை எவ்வளவு சோப்பு போட்டுக் கழுவினாலும் உன்னோடு வீடுவரை வருமே, அதே வாசனை. உன் முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் உன் மனைவி ஸ்டெல்லா இந்த நோட்டை என் கையில் கொடுத்தாள். "இதுல எனக்கு ஒண்ணும் புரியலண்ணா. நீங்க ரெண்டு பேரும் ஞாயித்துக்கெழம ஒக்காந்து கிறுக்கனதுதான். நீங்களே வச்சிக்கங்க" என்றாள். வாங்கி ஆபீஸ் மேசையின் அடி டிராயரில் வைத்தவன், இரண்டு வருஷமாகத் திறக்கவில்லை. திறக்கத் துணிச்சல் இல்லை என்று சொன்னால் நீ சிரிப்பாய். சிரி, பரவாயில்லை. இரண்டு மாதம் முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை திறந்தேன். சண்டை போடுவதற்காகத்தான் திறந்தேன்.

நாம் எழுதிய நான்கு வரிகளைத் தூக்கிவிடப் போகிறேன் என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். எந்த நாடோ, எந்த ஊரோ தெரியாது. நம் எடிட்டர் இருக்கிறதே, கம்ப்யூட்டரில் எழுதவும் திருத்தவும் இலவசமாகக் கிடைப்பது, அதை உலகம் முழுக்க ஆர்வலர்கள்தானே பார்த்துக்கொள்கிறார்கள்? அவர்களில் ஒருத்தி. அதன் நிரலில், சொற்களைத் தேடும் பகுதிக்கு மேலே, அது என்ன செய்யும் என்று நான்கு வரி விளக்கம் இருக்கிறது. அந்த நான்கும் உன்னுடையவை. நீ இந்த உலகத்தில் எழுதி விட்டுப்போனது அவ்வளவுதான். "இந்தக் குறிப்பு பாதி விஷயத்தைச் சொல்லவே இல்லை. இதை நம்பி இரண்டு நாள் வீணாயிற்று" என்று சொல்லி, அவற்றை எடுத்துவிட்டுத் தன்னுடைய ஒன்பது வரியைப் போட அனுமதி கேட்டிருந்தாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் கோபம் உனக்குத்தான் தெரியுமே.

இதெல்லாம் எங்கே ஆரம்பித்தது என்று நினைத்தால் அந்தக் கோபத்திலும் சிரிப்புதான் வருகிறது. உன் தங்கை கல்யாணம். அழைப்பிதழ் உறைகளில் ஒட்ட நானூறு பேர் விலாசம் அந்த எடிட்டரில்தான் டைப் செய்து வைத்திருந்தோம். எல்லாப் பெயருக்கும் முன்னால் 'திரு' என்று போட்டிருந்தது. உன் அப்பா பார்த்துவிட்டு, 'திருமிகு' என்று போட்டால்தான் மரியாதை என்று பிடிவாதம் பிடித்தார். நீ ஒவ்வொன்றாகத் திருத்த உட்கார்ந்தாய். நான் சும்மா இருந்திருக்கலாம். "தள்ளுடா, நாலு வரி புரோகிராம் எழுதினா ஒரு நொடியில முடியும்" என்று பெரிய ஆளாக உட்கார்ந்தேன்.

'திரு'வைத் தேடு, கிடைத்ததும் 'திருமிகு' ஆக்கு, மறுபடி தேடு. அவ்வளவுதான் நான் எழுதியது. ஓடவிட்டேன். பட்டியலில் முதல் பெயர் ஆவடி மாமா. உன் அம்மாவின் அண்ணன். பந்தியில் முதல் இலை தனக்குப் போடவில்லை என்று ஒரு கல்யாணத்திலிருந்து நடந்தே வீட்டுக்குப் போனவர். அவர் பெயருக்கு முன்னால் 'திருமிகு' வந்தது. பிறகு 'திருமிகுமிகு'. பிறகு 'திருமிகுமிகுமிகுமிகு' என்று திரை முழுக்க ஓட ஆரம்பித்துவிட்டது. மாமாவின் பெயர் எங்கோ வலது பக்கம் போய் மறைந்தே போயிற்று. இரண்டாவது ஆளிடம் புரோகிராம் போகவே இல்லை.

"இன்னா மச்சான் இது, மிகுமிகுன்னு போய்க்கினே கீது?" என்றாய். எனக்கு வேர்த்துவிட்டது. நீ திரைக்குக் கிட்டே குனிந்து, "இதுக்கு மேல எந்தத் தாய்மாமனுக்கும் மரியாத குடுக்க முடியாது மாமே" என்றாய். அன்றைக்கு நாம் சிரித்த சிரிப்பில் உன் அப்பா உள்ளேயிருந்து எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்.

சிரித்து முடித்ததும் நீ கேட்ட கேள்விதான் எல்லாவற்றையும் மாற்றியது. "இந்தத் தேடுறது இன்னா பண்ணும்னு எங்கனா எழுதிக்கீதா? படி." படித்தேன். அப்போது ஒரே ஒரு வரிதான் இருந்தது: தேடிய சொல் கிடைத்தால் அந்த இடத்துக்குப் போகும். "அந்த எடம்னா எந்த எடம்? தலையா, வாலா? கண்டுபுடிச்சப்புறம் நீ எங்க நிக்கிற?" என்றாய். கர்சர், திரையில் மினுக்குமே அந்தக் கோடு, சொல்லைத் தாண்டிப் போய் நிற்கும் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். அது சொல்லுக்கு முன்னாலேயே நின்றுகொண்டு, திருத்திய 'திரு'வையே மறுபடி மறுபடி கண்டுபிடித்துக்கொண்டிருந்தது.

உனக்கு அது எப்படித் தோன்றியது என்று பிறகுதான் சொன்னாய். உங்கள் பணிமனைத் தாளில், இந்த வேலையைச் செய் என்று மட்டும் எழுதி விடமாட்டார்களாம். முடித்தபின் பெட்டிக்கு எந்தப் பக்கம் வெளியே வந்து நிற்க வேண்டும் என்பதுவரை இருக்குமாம். "எங்க நிக்கணும்னு சொல்லாத பேப்பர நான் கையில தொடமாட்டேன்" என்றாய். கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றுமே தெரியாத நீ, பதினைந்து வருஷமாக அதிலேயே கிடக்கும் எனக்கு என் தவறைக் காட்டிவிட்டாய். கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது, இப்போது சொல்வதற்கென்ன.

சொல்லைத் தாண்டி ஓர் அடி வைத்துவிட்டுத் தேடு என்று மாற்றினேன். கண் சிமிட்டுவதற்குள் நானூறும் முடிந்தது. ஆனால் நீ சும்மா விடவில்லை. பதினோரு 'மிகு' உள்ள ஒரு சீட்டைத் தனியாக அச்சடித்து ஆவடி மாமாவின் உறையில் ஒட்டினாய். சண்டை நிச்சயம் என்று பயந்துகொண்டே மண்டபத்துக்கு வந்தேன். மனுஷர் அந்த உறையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். "எனுக்கு மட்டும்தான் இப்டி" என்று அவர் சொன்னதைக் கேட்டுத் தூணுக்குப் பின்னால் போய் நின்று சிரித்தோமே!

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்து, ஸ்டேஷன் டீக்கடை பெஞ்சில் இந்த நோட்டோடு உட்கார்ந்தாய். "நாம தப்பிச்சிட்டோம். அடுத்தவன் மாட்டுவான்ல?" அந்தக் குறிப்பை நாமே தெளிவாக எழுதி அனுப்ப வேண்டும் என்றாய். நான் ஆங்கிலத்தில் எழுதப் போனால் தடுத்தாய். "மொதல்ல தமிழ்ல எழுது. தமிழ்ல நிக்காத வரி இங்கிலீஷ்லயும் நிக்காது."

அந்த நான்கு வரிக்கு ஏழு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. ஒவ்வொரு வரியையும் விரலை வைத்து உரக்கப் படிப்பாய். படித்துவிட்டுக் கண்ணை மூடி, நடந்து பார்ப்பதுபோல யோசிப்பாய். 'பொதுவாக' என்று ஒரு இடத்தில் எழுதினேன். "பொதுவான்னா இன்னா? எப்பவுமா, எப்பனா ஒரு தபாவா?" என்று பிடித்துக்கொண்டாய். அதைச் சோதித்துப் பார்க்காமல் உன்னிடம் பதில் சொல்ல முடியவில்லை. கடைசியில் இப்படி நின்றது:

சொல் கிடைத்தால், கர்சர் அதன் முதல் எழுத்துக்கு முன்னால் போய் நிற்கும்.
கிடைக்காவிட்டால், இருந்த இடத்தை விட்டு நகராது.
எல்லை கொடுத்திருந்தால், எல்லைக்குள் முழுதாக அடங்கும் சொல்லை மட்டுமே எடுத்துக்கொள்ளும்.
மறுபடி தேடுமுன் கிடைத்த சொல்லைத் தாண்டிப் போக வேண்டும். இல்லாவிட்டால் அதையே மறுபடி காணும்.

நான்காவது வரிக்கு நாம் வைத்த பெயர் ஆவடி மாமா வரி. இன்றைக்கும் அதைப் படித்தால் எனக்கு அவர் சட்டைப் பைதான் நினைவுக்கு வரும்.

நீ ஐந்தாவது ஒன்றும் எழுதினாய். கடைசியிலிருந்து மேல்நோக்கித் தேடினாலும் கர்சர் நிற்பது முதல் எழுத்துக்கு முன்னால்தான், கடைசி எழுத்துக்குப் பின்னால் அல்ல, என்று. எனக்குப் பொறுமை போய்விட்டது. "இதெல்லாம் சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்டா" என்றேன். "சின்னப் புள்ளைக்குத் தெரியும் மச்சான். ரயில்ல வேல செய்றவனுக்குத் தெரியாது" என்றாய். "வண்டி பீச் ஸ்டேஷனுக்குப் போய்த் திரும்பும்போது டிரைவர் இந்த முனைல எறங்கி அந்த முனைக்குப் போவாரு. தெச மாறுனா முனை மாறும். இதுவும் அப்டித்தான்னு ஒருத்தன் நெனப்பான், பாரேன்." நான் பார்க்கவில்லை. சிவப்புப் பேனாவால் அந்த வரியை அடித்தேன்.

உனக்கு அது எவ்வளவு வலித்தது என்று அப்போது நான் யோசிக்கவே இல்லை. அடுத்த வாரம் டீ சொல்லும்போது உனக்கு மட்டும் ஒன்று சொன்னாய், அவ்வளவுதான். அனுப்புமுன் உன் பெயரையும் போடுகிறேன் என்றபோது தலையை ஆட்டிவிட்டாய். "அஞ்சாவது வரி உள்ள போவட்டும், அப்பால போடு. அதுவரிக்கும் என் பேரு வாணாம்." விளையாட்டு என்று நினைத்து என் பெயரில் அனுப்பிவிட்டேன். பத்தே நாளில் ஏற்றுக்கொண்டார்கள். நீ கோபத்தை மறந்து பணிமனை முழுக்கச் சொல்லி, எல்லோருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்தாய். பெயர் இல்லாத வரிக்கு இவ்வளவு கொண்டாட்டமா என்று கேட்டதற்கு, "வரி என்னுதுதானே, எனக்குத் தெரிஞ்சா போதாதா?" என்றாய்.

அதற்கடுத்த வருஷம், மாதா கோயில் கொடியேற்றத்துக்கு இரண்டு நாள் முன்னால், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். எழவில்லை. இதை நீட்டி எழுத எனக்கு இஷ்டமில்லை. ஞாயிறு காலையில் அந்தப் பெஞ்சைப் பார்க்காமலிருக்க, ரொம்ப நாள் ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். மண்ணூர்பேட்டை ஆபீஸில் மதியச் சாப்பாட்டைக்கூடத் தொடாமல் அவளுக்குப் பதில் அடித்தேன். இந்தக் குறிப்பில் குறை ஒன்றுமில்லை, படிக்கிறவர் கவனமாகப் படிக்க வேண்டும் என்று ஆரம்பித்து, இதை எழுதியவர் இன்று உயிரோடு இல்லை என்பதுவரை போய்விட்டேன். உன் சாவை வைத்து வாதாடினேன் பார், எவ்வளவு மட்டமான வேலை. உன் தமிழ் வரிகளையும் அப்படியே காட்டுவோம் என்றுதான் டிராயரிலிருந்து நோட்டை எடுத்தேன்.

பக்கத்தைப் பிரித்தால் ஐந்து வரி இருக்கிறது. ஐந்தாவதன் மேல் என் சிவப்புக் கோடு. அதன் ஓரத்தில், நான் இதுவரை பார்த்தேயிராத உன் பொடி எழுத்து: 'மச்சான் அடிச்சிட்டான். ஒருநாள் வருவான்.'

அவள் கடிதத்தை மறுபடி எடுத்து, உன்னைப்போலவே விரல் வைத்து உரக்கப் படித்தேன். அவள் இரண்டு நாள் தொலைத்தது எங்கே என்று நினைக்கிறாய்? கடைசியிலிருந்து மேல்நோக்கித் தேடியிருக்கிறாள். கர்சர் கடைசி எழுத்துக்குப் பின்னால் நிற்கும் என்று நம்பியிருக்கிறாள். முனை மாறும் என்று நினைத்திருக்கிறாள்! எனக்கு அடக்க முடியாத சிரிப்பு வந்தது, கண்ணிலிருந்து தண்ணீரும் வந்தது. பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பி, "சார், நல்லாத்தானே கீறீங்க?" என்றார். "தோத்துட்டேன் சார்" என்றேன். ரொம்ப சந்தோஷமாகச் சொன்னேன்.

அடித்து வைத்திருந்த பதிலை அழித்தேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். இங்கே ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது, விட்டது நான், எழுதியவன் அல்ல என்று சொல்லி, உன் ஐந்தாவது வரியை ஆங்கிலமாக்கி அனுப்பினேன். மறுநாள் அவளிடமிருந்து பதில் வந்தது. தன் ஒன்பது வரியும் வேண்டாம், இந்த ஐந்தே போதும் என்றாள். எழுதியது யார் என்று கேட்டாள். ரயில் பெட்டிகளைப் பழுது பார்த்தவன் என்றேன். அதனால்தான் இவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாள். அதைப் படித்தபோது நீ பக்கத்தில் இல்லையே என்றிருந்தது.

இப்போதெல்லாம் ஆபீஸில் யார் எதை எழுதிக்கொண்டு வந்தாலும் உரக்கப் படிக்கச் சொல்கிறேன். முடித்ததும், "சரி, இப்ப நீங்க எங்க நிக்கிறீங்க?" என்று கேட்கிறேன். என்னைக் கொஞ்சம் கழன்ற கேஸ் என்று பேசிக்கொள்கிறார்கள் போலிருக்கிறது. யாராவது இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்றால், உடனே அதையும் எழுதச் சொல்லிவிடுகிறேன். சிவப்புப் பேனா வாங்குவதையே நிறுத்திவிட்டேன்.

நேற்று ஞாயிறு. லேப்டாப்பையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். உன் ஐந்து வரியோடும் பெயரோடும் எடிட்டரின் புதுப் பதிப்பு வந்துவிட்டது. "அவரு பேரு எங்க கீதுண்ணா? காட்டுங்க" என்று ஸ்டெல்லா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அந்த நிரலைத் திறந்து, தேடும் இடத்தில் உன் பெயரை அவளையே அடிக்கச் சொன்னேன். ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். கர்சர் ஓடிப்போய் உன் பெயரின் முதல் எழுத்துக்கு முன்னால் நின்றது. அந்த எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "கீழர்ந்து தேடுனா?" என்று கேட்டாள். நீ சொல்லிக் கொடுத்திருப்பாயோ என்று ஒரு கணம் திகைத்துப்போனேன். கடைசி வரிக்குப் போய், அங்கிருந்து மேல்நோக்கித் தேடவைத்தேன். அதே இடத்தில்தான் வந்து நின்றது.

ஸ்டெல்லா டீ போட உள்ளே போனதும் நோட்டைப் பிரித்து, உன் பொடி எழுத்துக்குக் கீழே நீலப் பேனாவால் எழுதினேன்: வந்துட்டேன்டா. பேரு போட்டாச்சு.