குழாய்க்குள் இரண்டு இதழ்

மார்ச் 3, செவ்வாய்

"வால்வைத் திறக்க மறந்துட்டே" என்று இன்று என் கணவனிடம் நான் சொல்லவில்லை.

காலையில் வடிகட்டியில் அடைத்திருந்த பாசியை எடுக்கக் கடல்நீர் வால்வை மூடினான். திறக்காமலே எஞ்சினைப் போட்டான். குளிர வைக்கத் தண்ணீர் இல்லாமல் பம்புக்குள் இருக்கும் ரப்பர் சக்கரம் கருகிப்போனது. படகு முழுக்க வாடை. எஞ்சினை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கினான். அடுப்படியில் நின்றிருந்த எனக்கு வால்வின் கைப்பிடி திரும்பும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டான்.

"பழைய பார்ட்டு. வேற என்ன பண்ணும்?"

இந்தச் சின்னப் படகில் எல்லாச் சத்தமும் கேட்கும். அதனால் சிலவற்றைக் கேட்காத மாதிரி இருந்துவிடுவோம் - அவன் ரகசியமாகத் தன் அம்மாவுக்குப் போன் பேசுவது, நான் குளியலறையில் அழுவது. எட்டு மாதமாக இப்படித்தான் குடித்தனம்.

புதுச் சக்கரம் மாட்டினான். பழையதில் ஆறு இதழ். நான்குதான் கைக்குக் கிடைத்தன.

"மீதி ரெண்டு?"

"கடலுக்குப் போயிருக்கும்."

போகாது. குழாயில்தான் எங்கேயோ சிக்கித் தண்ணீரை அடைக்கும். கொண்டுவந்த நாவல்களை எல்லாம் முடித்துவிட்டு எஞ்சின் கையேட்டையும் இரண்டு முறை படித்தவள் நான். பழசானால் ரப்பர் விரிசல் விடும். காய்ந்து ஓடினால்தான் இப்படிப் பிய்யும். தேட ஆரம்பித்தால் ஏன் பிய்ந்தது என்ற கேள்வி வரும். அவன் தேடவில்லை. நானும் விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அக்காவுக்கு ஆபரேஷன். முதல் குழந்தை. மாமாவுக்கு வெளிநாட்டில் லீவு கிடைக்கவில்லை, எங்கள் அம்மாவும் உயிரோடு இல்லை. பக்கத்தில் நான் இருப்பேன் என்று சொல்லியிருக்கிறேன். வியாழன் காலை பெரிய தீவில் அக்கா ஊருக்கு ஃபெர்ரி பிடித்தால் போதும்.

மார்ச் 4, புதன்

பவளப்பாறைகளுக்கு நடுவே குறுகலான வழி. பாதியில் எஞ்சின் மறுபடி கொதித்தது. அவசரமாக நங்கூரம் போட்டோம். காற்று செத்துக் கிடக்கிறது. பாய் விரித்தும் பயனில்லை.

அவன் பம்பைத் திட்டுகிறான், கடைக்காரனைத் திட்டுகிறான், வெயிலைத் திட்டுகிறான். குழாயைத் திறக்க மட்டும் மாட்டேன் என்கிறான்.

சொல்லியிருக்கலாம்ல? நேத்தே வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல? அவன் மூஞ்சி வாடிடும்னு பாத்தேன். அக்கா மூஞ்சிய நெனச்சுப் பாத்தேனா?

கொஞ்சம் சிக்னல் கிடைத்தது. "கடல்லேருந்து பேசறியா, கிணத்துக்குள்ளேருந்து பேசறியா?" என்றாள் அக்கா. வந்துவிடுவேன் என்றேன்.

மார்ச் 5, வியாழன்

மதியத்துக்கு மேல் ஒரு மீன்பிடிப் படகு வந்தது. கயிறு கட்டும்போது அந்த அண்ணன் எங்கள் பாய்மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"இவ்ளோ பெரிய பாய் எதுக்கும்மா?"

"காத்துக்குண்ணே."

"அப்ப அதையும் கையோட கூட்டிட்டு வந்திருக்கணும்ல?"

பெரிய தீவுவரை இழுத்துக்கொண்டு வந்து விட்டார். ஃபெர்ரி காலையிலேயே போய்விட்டது. அடுத்தது திங்கள்.

சாயந்தரம் அவன் குழாயைக் கழற்றினான். இரண்டு ரப்பர் துண்டுகளையும் மேஜையில் என் முன்னால் வைத்தான்.

"உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"அன்னிக்கேவா?"

"அன்னிக்கே."

"உனக்குக் கேக்கலைன்னு நெனச்சேன்."

"இந்தப் படகுல நீ கொட்டாவி விட்டாக்கூடக் கேக்கும்டா."

பாதி சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்திக்கொண்டான். "ஏன் சொல்லல?" என்று கேட்டான். "நீ ஏன் சொல்லல?" என்றேன். இருவருக்கும் சண்டை போடக்கூடத் தெம்பில்லை.

மார்ச் 6, வெள்ளி

உள்ளே கூட்டிப்போகும் முன் அக்கா பேசினாள். "அழாதடி. பக்கத்து பெட் அம்மா என் கையைப் புடிச்சுக்கறேன்னுட்டாங்க. உன் கையவிட அவங்க கை நல்லா கதகதப்பா இருக்கு."

பெண் குழந்தை.

மார்ச் 8, ஞாயிறு

துணி மடித்தேன். நாளைக்கு ஒருத்திக்குத்தான் டிக்கெட். எத்தனை நாள் என்று அவன் கேட்கவில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

அவன் தனியாகவே படகை ஓட்டிக்கொண்டு வந்து இந்த ஊர்த் துறைமுகத்தில் கட்டியிருக்கிறான். சாயந்தரமானால் வருகிறான். குழந்தையைக் குளிப்பாட்ட வெந்நீர் போட்டுத் தருகிறான். "மாப்பிள்ளை, உங்க வேலை முடிஞ்சுது, கெளம்புங்க" என்று அக்கா கிண்டல் செய்கிறாள். கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் படகுக்குப் போய்த் தூங்குகிறான்.

நான் அக்கா வீட்டிலேயே இருக்கிறேன்.