டாங்க் ஆட்டத்துக்குத் தடிச் சுருட்டு

நவம்பர் 5, 1995. ஞாயிறு

விடாத மழை. சர்ச்சில் முதல் பூசைக்குக் குடையோடு போய், நனைந்து திரும்பினோம். பால்காரர் வரவில்லை. கடுங்காப்பி. மதியம் கோழிக் குழம்பு.

மாமா, அதாவது லில்லியின் அப்பா, கூடுவாஞ்சேரியிலிருந்து வந்து ஒரு வாரம். அங்கே ஓட்டு வீடு ஒழுகுகிறது. மாமியார் போன பிறகு தனியாகத்தான் பொங்கித் தின்கிறார். "மழை நிக்கிற வரைக்கும்தான் மாப்ளே" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார். லில்லி பீரோவில் ஒரு தட்டைக் காலி செய்து கொடுத்தாள். காலியாகவே கிடக்கிறது. துவைத்துக் காய்ந்த சட்டையை மடித்துத் தன் பைக்குள்ளேயே வைத்துக்கொள்கிறார். பெண்ணைக் கொடுத்த வீட்டில் தங்கக் கூச்சம்.

இங்கேயே இருந்துவிட வேண்டும் என்று லில்லிக்கு ஆசை. எனக்கும்தான். தங்கமான மனுஷன். ஆனால் வாயைத் திறந்து ஒன்று கேட்க மாட்டார். தினம் சாப்பாட்டு நேரத்தில் லில்லி: "உப்பு போதுமாப்பா?" அவர்: "எல்லாம் சரியா இருக்கும்மா." இன்றைக்கு வேண்டுமென்றே குழம்பில் உப்பே போடவில்லை அவள். அதற்கும் அதே பதில். நான்தான் முணுமுணுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

என் கஷ்டம் வேறு. ஞாயிற்றுக்கிழமைச் சுருட்டு போச்சு. மாமனார் எதிரில் எப்படிப் பற்ற வைப்பது? கல்யாணமாகிப் பதினாலு வருஷம், அவர் முன்னால் பாக்குகூடப் போட்டதில்லை.

வேறு வேலை இல்லாததால், எந்த வீடியோ கேம் ஆட்டத்துக்கு எந்தச் சுருட்டு என்று எழுதி வைக்கிறேன்:

கார் ரேஸ் – எதுவும் வேண்டாம். கையை எடுக்க முடியாது. சாம்பல் மடியில். லுங்கியில் ஓட்டை (லில்லி பார்த்துவிட்டாள்).

கட்டை அடுக்குவது – திண்டுக்கல் ஒல்லி. ஆரம்பத்தில் சுகம். போகப் போகக் கட்டை வேகமாக விழும், சுருட்டு அணையும்.

ஆபீஸ் நண்பரின் தம்பி கப்பலில் கொண்டுவந்த சீமைச் சுருட்டு – எதனோடும் சேரவில்லை. பெண் பார்க்க வந்த இடத்தில் பஜ்ஜி தின்பதுபோல ஒரே மரியாதை.

டாங்க் (பீரங்கி வண்டிச் சண்டை) – உறையூர் தடிச் சுருட்டு. இதுதான் ஜோடி. ஒரு ரவுண்டு முடிந்து அடுத்தது வருவதற்குள் திரை முழுக்கச் சாம்பல் நிறமாகும். ஒரு இழுப்புக்குச் சரியான நேரம். சுருட்டும் அணையாது, டாங்கும் சாகாது.

வீடியோ கேம் பையன் பேரில் வாங்கியது. அவன் ஹாஸ்டலில், பொங்கலுக்குத்தான் வருவான். அதுவரை மெஷின் கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்கிறேன் என்பது வீட்டில் சொல்லியிருக்கும் சமாதானம்.

நவம்பர் 7. செவ்வாய்

தூறல். ட்ரெயினில் தாம்பரம் வரை நின்றபடியே. முழங்கால் வலி.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் டாங்க். சுருட்டு இல்லாமல். சப்பென்று இருந்தது. பக்கத்தில் நாற்காலியில் மாமா, முகத்துக்கு நேராகப் பேப்பர். தாங்க முடியாமல் ஆட்டத்தை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டி மறைவில் அவசர அவசரமாக ஒரு சுருட்டு. சொந்த வீட்டு மாடியில் கள்ளன்போல.

இறங்கி வந்தால், நாலாவது ரவுண்டில் விட்ட ஆட்டம் ஏழாவதில் நிற்கிறது. ஒழுங்காக நிறுத்தியும் வைத்திருக்கிறது. லில்லியைக் கேட்டேன். "எனக்கு வேற வேலை இல்லையா?" மாமா காலையில் படித்த அதே பேப்பரை இன்னும் படித்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் 9. வியாழன்

மழை, வெயில், மறுபடி மழை. குடைக் கம்பி ஒன்று போச்சு.

காலையில் ஸ்டேஷன் போகிற வழியில் பெட்டிக்கடை மணி: "இன்னா சார், தடி சுருட்டா? தீந்து பூட்ச்சே. உங்க வூட்டுப் பெரியவரு முந்தாநேத்து வாங்கிகினு போனாரு. உங்களுக்குத்தானேன்னு குட்த்துட்டேன்."

ட்ரெயினில் நின்றபடி சிரித்தேன். எதிரில் இருந்த அம்மாள் முறைத்தாள். அப்படியானால் டாங்கும் அவர்தான். வேறு யார்?

சாயங்காலம் லில்லி மாடி ரோஜாத் தொட்டியிலிருந்து பொறுக்கிவந்த இரண்டு சுருட்டுத் துண்டுகளோடு நின்றாள். "வாரத்துக்கு ஒண்ணுன்னுதானே பேச்சு? இது என்னங்க?"

ஒன்று என்னுடையது. இன்னொன்று யாருடையது என்று சொல்ல வாய் வரவில்லை. சுருட்டை விட்டுவிடுவதாகச் சாகக் கிடந்த மாமியாருக்கு மாமா வாக்குக் கொடுத்தவர். அதை லில்லி ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பவள்.

"ரெண்டும் என்னுதுதான். குளிருக்கு."

"குளிருக்குப் போர்வை இருக்கு."

கூடத்தில் மாமா. பேப்பர் அசையவே இல்லை.

நவம்பர் 11. சனி

பளிச்சென்று வெயில். மாடி முழுக்கத் துணி.

காப்பி குடிக்கும்போது மாமா: "மழை விட்டுடுச்சும்மா. நாளைக்குப் பூசை முடிஞ்சதும் பதினோரு மணி வண்டிக்குக் கிளம்பறேன்."

லில்லி எழுந்து போய்விட்டாள். உள்ளே பாத்திரச் சத்தம் மட்டும் பலமாக. பிறகு என்னிடம்: "நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? மாப்பிள்ளை சொன்னாத்தான் அப்பா இருப்பாரு."

போய்ச் சொன்னேன். "இங்கயே இருங்க மாமா."

"இருக்கட்டும் மாப்ளே."

அவ்வளவுதான். பதினாலு வருஷமாக இதே கதைதான். எனக்கு இவரை ரொம்பப் பிடிக்கும். அதை மாமனாரிடம் எப்படிச் சொல்வது? யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

நவம்பர் 12. ஞாயிறு

வெயில். நல்ல காற்று.

பூசைக்குப் போய் வந்தோம். மாமாவின் பை வாசலில். மணி ஒன்பதரை. சமையலறை ஸ்டூலைத் தூக்கிவந்து என் ஸ்டூலுக்குப் பக்கத்தில் போட்டேன், இரண்டும் டீவியைப் பார்த்தபடி. அதன்மேல் இரண்டாவது ஜாய்ஸ்டிக்.

"மாமா, தனியா ஆடினா பத்தாவது ரவுண்டு தாண்ட மாட்டேங்குது. வண்டிக்குத்தான் நேரம் இருக்கே."

"எனக்கென்ன தெரியும் இதெல்லாம்" என்றபடியே வந்து உட்கார்ந்தார். ஜாய்ஸ்டிக்கைப் பிடித்த பிடியே சொல்லிவிட்டது. நான் தவறி அவர் டாங்க்மேல் சுட்டேன், அது கொஞ்ச நேரம் செயலற்று நின்றது. அவர் என்னை ஒருமுறைகூடச் சுடவில்லை. செங்கல் சுவருக்குள் நாங்கள் காக்கவேண்டிய கோட்டையை விட்டு நகரவும் இல்லை. "நீங்க முன்னால போங்க மாப்ளே, இத நான் பாத்துக்கறேன்."

மூன்றாவது ரவுண்டு முடிந்து திரை சாம்பல் நிறமானது. அவர் கை சட்டைப் பைக்குப் போயிற்று. அங்கேயே நின்றது.

"மாமா, நான் டீவியத்தான் பாக்கறேன்."

நாலாவது ரவுண்டையும் முடித்தோம். அடுத்த இடைவெளியில் குச்சி உரசும் சத்தம். உறையூர் வாசனை. கண்ணைத் திருப்பவில்லை நான். தரையில் தீப்பெட்டி மெல்ல நகர்ந்து என் கால் விரலில் இடித்தது.

"நானும் டீவியத்தான் பாக்கறேன் மாப்ளே."

பற்ற வைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்தால் எதிரில் உட்கார்ந்ததாகாது. இது தெரியாமல் இத்தனை வருஷம் வீணாக்கிவிட்டேன்.

பதினோராவது ரவுண்டில் லில்லி வந்து நின்றாள். அவளைப் பார்க்க இருவருக்கும் தைரியமில்லை. அவள் போய்ச் சாம்பல் தட்ட இரண்டு கொட்டாங்குச்சி கொண்டுவந்து இரண்டு ஸ்டூலுக்கும் பக்கத்தில் வைத்தாள். ஜன்னலை அகலத் திறந்தாள்.

"அம்மாகிட்ட ஜெபத்துல நான் சொல்லிக்கறேன். ஞாயித்துக்கிழமை மட்டும்தான். ரெண்டு பேருக்கும்."

"சரிம்மா" என்றார் மாமா. நானும் சரிம்மா என்றேன்.

பதினோரு மணி வண்டி போகிற சத்தம் தூரத்தில் கேட்டது. ஒருவரும் மணி பார்க்கவில்லை. பதினேழாவது ரவுண்டு வரை போனோம். இதுவரை போனதே இல்லை.

மதியம் மீன் குழம்பு. லில்லி பரிமாறினாள். இன்றைக்கு அவள் உப்பு போதுமா என்று கேட்கவில்லை, மறந்துவிட்டாள் போலிருக்கிறது. மாமா இரண்டு வாய் சாப்பிட்டார். கையை நிறுத்தினார்.

"லில்லி, உப்பு பத்தலம்மா. நாளைக்குக் கொஞ்சம் பாத்துப் போடு."

உப்பு ஜாடி எடுத்து வருகிறேன் என்று உள்ளே போனவள் வெகு நேரம் வரவில்லை. நாங்கள் கூப்பிடவில்லை. அப்படியே சாப்பிட்டோம்.