கடைசியாக வந்தவர் போடும் டீ

ஜூன் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

வால் எழுதுவது. வீட்டில் அனைவரும் நலம். என்னோடு தனியாக மாட்டிக்கொண்டதால் அம்மா மட்டும் சுமார். அந்தக் குடிமீட்பு இல்லத்தில் செல்போனை வாங்கி வைத்துவிட்டார்களாமே! என் கையெழுத்தைப் படிப்பதுதான் இனி உங்களுக்குத் தண்டனை.

நம் தையல்கடைப் பூட்டில், 'டெய்லர் ரிப்பேருக்குப் போயிருக்கிறார்' என்று அட்டை மாட்டினேன். அம்மா பிய்த்தெறிந்தாள். திரும்பும்போது சிரித்ததை நான் பார்த்துவிட்டேன். ஆனால் உங்களைப் பார்க்க வரமாட்டாளாம். "முழுசா முடிச்சிட்டு வரட்டும். பாதியில வந்தா கதவு திறக்காது" என்கிறாள்.

உங்கள்,
வால்

ஜூன் 9

அன்பு வாலுக்கு,

எழுத்து கோணலாக இருந்தால், அது நம் பரம்பரைச் சொத்து என்று நினைத்துக்கொள். இங்கே வேலை பார்ப்பவர்கள் எல்லாருமே குடித்துக் கெட்டு மீண்டவர்கள். நடத்துபவர் லாரி டிரைவர். சமையல் ஒரு பேங்க்காரர். சோறு தவணை முறையில் வேகிறது. புதிதாக ஒருவர் வந்தால், அவருக்கு முன் கடைசியாக வந்தவர்தான் வாசலில் எதிர்கொண்டு, டீ போட்டுக் கொடுத்து, கூடவே இருக்க வேண்டும். இப்போதைக்குக் கடைசி ஆள் நான்.

ஒரு உதவி செய். என்னால் முடியவில்லை கண்ணு. நாக்கு கேட்கிறது. பெரியப்பா குரலில் பேசுவாயே, அதே குரலில் இங்கே போன் செய்து வீட்டில் அவசரம் என்று சொல். ஞாயிறு கிளம்பிவிடுவேன். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

அப்பா

ஜூன் 12

அன்புள்ள அப்பா,

பெரியப்பா குரல் இருமலோடு தயார். ஆனால் தரமாட்டேன்.

என் சேட்டையில் கடைசியில் எல்லாரும் சிரிக்க வேண்டும். இதில் யார் சிரிப்பார்கள்? பள்ளி ஆண்டு விழாவில் நீங்கள் தள்ளாடி விழுந்தபோது, "எங்கப்பா நடிக்கிறாரு" என்று சமாளித்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். அதற்கப்புறம் ஒரு வாரம் எனக்கு ஜோக்கே வரவில்லை.

இருங்கப்பா.

வால்

ஜூன் 17

என் வாலே,

கோபப்படாதே. உன் கடிதம் சட்டைப்பையில் இருந்தும், ஞாயிறு காலை பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். கேட்டைத் திறந்தால், வெளியே பல் கிடுகிடுக்க ஒரு ஆள். முடிவெட்டுகிறவராம். என் சலவைச் சட்டையைப் பார்த்து ஏமாந்துபோய், "சார், நீங்கதானே இங்க எல்லாம்? என்னை விட்டுட்டுப் போயிடாதீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

'நானே ஓடிட்டிருக்கேன்யா' என்று சொல்ல வாய் வரவில்லை. உள்ளே கூட்டிப்போய் டீ போட்டேன். அவரால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை, நான் பிடித்தேன். பார்த்தால், என் கை ஆடவில்லை! பிறகு டிரைவரும் நானும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் ஊசி போட்டுக் கூட்டி வந்தோம்.

"இருப்பீங்கல்ல?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். இருப்பேன் என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். எனக்காக இருக்க முடியாதவன், அவருக்காக இருக்கிறேன். சிரிக்காதே.

அப்பா

ஜூன் 21

அன்புள்ள அப்பா,

சிரித்துவிட்டேன்.

உங்கள் இரண்டு கடிதங்களையும் அம்மாவிடம் காட்டிவிட்டேன். முதலாவதைப் படிக்கும்போது அவள் கையிலிருந்த கரண்டி என் பக்கம் திரும்பியது. இரண்டாவதை இரண்டு முறை படித்தாள். பிறகு பரணிலிருந்து பெரிய டிபன் கேரியரை இறக்கித் தேய்க்க ஆரம்பித்தாள். ஞாயிறு வருகிறோம். "உங்கப்பாவுக்காக ஒண்ணும் இல்ல" என்று மூன்று முறை சொல்லிவிட்டாள்.

கீழே இருப்பது அம்மாவின் கையெழுத்தேதான். என் வேலை இல்லை, சத்தியம்!

வால்

அந்த முடிவெட்டுகிறவர் காரம் தாங்குவாரா? இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் கொண்டு வருகிறேன்.