நான்காவது பாட்டு

அன்பு மகன் ராசாவுக்கு,

அம்மா எழுதுவது. உடம்பைப் பொறுத்தவரை எனக்கும் அப்பாவுக்கும் ஒரு குறையும் இல்லை, உனக்கும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். மனசு எப்படி என்று மட்டும் கேட்காதே, சனிக்கிழமையிலிருந்து என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கிறது என்று அப்பா சொல்கிறார். போனில் பேசினால் பாதியில் "அம்மா, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுகிறாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

பகலெல்லாம் டிரைவிங் ஸ்கூலில் பிரேக் எது கிளட்ச் எது என்று தெரியாதவர்களிடம் கத்திக் கத்தி, மிச்சமிருந்த தொண்டையை வைத்துக்கொண்டு நான் பாடிய பத்துப் பாட்டுடா அந்த ஆல்பம். பின்னால் எந்தக் கம்பெனியும் கிடையாது. பிளம்பர் அண்ணன் ட்ரம்ஸ், மருந்துக்கடைப் பெண் மவுத் ஆர்கன், கிடாரும் குரலும் நான். அண்ணனுடைய குழாய்க் கிடங்கில்தான் பதிவு செய்தோம், வெளியே ஒரு லாரி போனால் போதும், நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து. "இந்த வயசுல ராக் பாட்டா?" என்று கேட்காத ஆள் பாக்கியில்லை. பத்திரிகைக்காரர் ஒருவர் வரப்போகிற ஆல்பத்தைப் பற்றி மூன்று வரி எழுதினார், அதில் இரண்டு வரி என் நரைமுடியைப் பற்றி. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். இன்டர்நெட்டில் ஏற்றுகிற வேலை மட்டும் எனக்குப் பிடிபடவில்லை, என் பிள்ளை பார்த்துக்கொள்வான் என்று உன்னிடம் கொடுத்தேன். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதையாகிவிட்டது.

சனிக்கிழமை மாலை பிளம்பர் அண்ணன், மருந்துக்கடைப் பெண், மாடிவீட்டு அக்கா எல்லோரும் நம் ஹாலில் உட்கார்ந்து நீ ஏற்றியதைக் கேட்டோம். மூன்றாவது பாட்டு முடிந்ததும் ஐந்தாவது வந்தது. வரிசை மாறியிருக்கும், பின்னால் வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். வரவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள், அப்பா மட்டும் தட்டவில்லை. "அவ்வளவுதானா? என் பாட்டு எங்க?" என்று கேட்டார். மாடிவீட்டு அக்கா, "உங்க பாட்டா? நீங்களுமா பாடியிருக்கீங்க?" என்று சிரித்தார். அதற்கு உன் அப்பா, விருந்தாளி வந்தாலே எழுந்து உள்ளே போகிற மனுஷன், அத்தனை பேர் முன்னால் சொன்னார், "பாடலைங்க. மரப்பட்டறையை மூடினப்புறம் ரொம்ப நாள் நான் ரூமை விட்டே வெளிய வரலை. குளிக்கக்கூடத் தோணாது. அதைத்தான் இவ பாட்டாக் கட்டினா." நான் கிடாரை எடுத்தேன், அண்ணன் நாற்காலி முதுகில் விரலால் தட்டினார், அந்தப் பாட்டை அங்கேயே பாடினேன். இரண்டாவது சரணத்தில் குரல் உடைந்துபோனது, ஆனாலும் நிறுத்தவில்லை.

அவர்கள் போனதும் உனக்குப் போன் போட்டால் நீ என்ன சொன்னாய்? "அப்பாவுக்கு அசிங்கமா இருக்குமேன்னு எடுத்துட்டேன்மா, உன்கிட்ட அப்புறமா சொல்லிக்கலாம்னு இருந்தேன்." யாரைக் கேட்டு எடுத்தாய்? பாட்டை எழுதினதும் முதலில் அவருக்குத்தான் பாடிக் காட்டினேன், "இருக்கட்டும், பாடு" என்று அவர் வாயால் சொன்ன பிறகுதான் பதிவே செய்தோம். அந்த நாட்களில் நீ இங்கே இல்லை, அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை, உன் வேலை அப்படி. சாப்பாட்டுத் தட்டை அந்த அறை வாசலில் வைத்துவிட்டு, வைத்தது வைத்தபடி திருப்பி எடுத்தவள் நான். வெளியே வந்து நாலு பேரிடம் அவரே சொல்லத் துணிந்த நேரத்தில், அவரைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று நீ மறுபடியும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தியிருக்கிறாய். எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு, நீ பக்கத்தில் இருந்தால் இத்தனை வளர்ந்தவன் என்றும் பார்த்திருக்க மாட்டேன்.

இன்னொன்றும் கேள். அன்று மாடிவீட்டு அக்கா மட்டும் பின்தங்கி, சமையலறையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க சின்னவனும் இப்படித்தான் கிடக்கிறான், வெளிய யார்கிட்டயும் சொல்லலை" என்று அழுதார். மறுநாள் காலை அப்பா இழைப்புளியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார், அந்தப் பையனுடைய அறைக்கதவு சரியாகச் சாத்தவில்லையாம், இழைத்துச் சரிசெய்து தரப் போகிறாராம். திரும்பி வந்ததும் என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். "ஒண்ணும் பேசலை. கதவைப் பிடிச்சுக்கடான்னேன், பிடிச்சுக்கிட்டான்" என்றார். இன்றைக்கும் போயிருக்கிறார், ஒரு கதவுக்கு எத்தனை நாள் வேலை என்று நானும் கேட்கவில்லை.

ஆகவே அந்தப் பாட்டை உடனே ஏற்று. கடைசியில் கொண்டுபோய் ஒட்டாதே, அதன் இடம் நான்காவது. தலைப்பில் எழுத்துப்பிழை விடாதே. வேளைக்குச் சாப்பிடு, ராத்திரி கண் விழிக்காதே. கோபம் கோபமாகவே இருக்கிறது, அதற்காக ஆசீர்வாதத்தில் குறை வைக்கவில்லை, நோய்நொடி இல்லாமல் நீடூழி நன்றாயிரு.

இப்படிக்கு,
இன்னும் ஆறாத உன் அம்மா

அப்பா எழுதுவது: அவ கோவத்தை நான் பாத்துக்கிறேன். நீ பாட்டைக் கேக்குறப்போ பாதியிலேயே நிறுத்திட்டியோன்னு நினைக்கிறேன். ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவை முழுசாக் கேளு. கடைசி அடியில நான் வெளிய வந்துடுறேன்.